மார்க்கெட்டிங் முதுகலை: நாலு நாடு பட்டியலில் இருக்கிறது, எதை வெட்டலாம்?

நூல்கண்டு

எல்லாருக்கும் வணக்கம். வயது 25. பி.பி.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் இருக்கிறேன். கூகுள், மெட்டா விளம்பரங்களை ஓட்டுவதும், மாதக் கடைசியில் கிளையண்டுக்கு ரிப்போர்ட் கட்டுவதும்தான் வேலை. அடுத்த வருடம் வெளிநாட்டில் முதுகலை என்று முடிவாகிவிட்டது. முழுக்கக் கல்விக்கடன். அதனால் "போய் நாலு ஊரைப் பார்த்துவிட்டு வா" என்கிற அறிவுரை எனக்கு உதவாது. படிப்பு முடிந்து வேலை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலில் இருப்பவை: பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்ஸி. மார்க்கெட்டிங், அயர்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் எம்.எஸ்ஸி.; கனடாவில் ஒரு கல்லூரியின் போஸ்ட்கிராஜுவேட் சர்டிபிகேட், அதுவும் மார்க்கெட்டிங்தான்; அமெரிக்காவில் மார்க்கெட்டிங் அனலிட்டிக்ஸ் எம்.எஸ். கன்சல்டன்சிக்காரர் கனடாதான் செலவு குறைவு, இடமும் உறுதி என்று தினமும் போன் செய்கிறார்.

எதை வெட்டலாம்? ஏன் என்றும் சொல்லுங்கள், வீட்டில் விளக்க வேண்டும்.

ஊசிமுனை

கனடா சர்டிபிகேட்டை இன்றைக்கே வெட்டுங்கள்.

2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு விதி மாறிவிட்டது. பட்டப்படிப்பு இல்லாத கல்லூரிப் படிப்பு என்றால், அரசு வைத்திருக்கும் துறைப் பட்டியலில் அது இருந்தால்தான் படித்து முடித்தபின் வேலை பெர்மிட் தருவார்கள். மருத்துவம் சார்ந்த படிப்புகள், அறிவியல் தொழில்நுட்பம், விவசாயம், போக்குவரத்து, கைத்தொழில்கள் எல்லாம் அதில் உண்டு. மார்க்கெட்டிங் இல்லை. பெயரில் "போஸ்ட்கிராஜுவேட்" என்று இருப்பதால் பலர் அதை முதுகலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பட்டம் முடித்தவர்கள் படிக்கும் சான்றிதழ் படிப்பு அது, முதுகலைப் பட்டம் இல்லை.

கனடாவிலேயே பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டம் என்றால் கதை வேறு. அந்தத் துறைப் பட்டியல் அதற்குப் பொருந்தாது. ஒரு வருடப் படிப்பாக இருந்தாலும் மூன்று வருட வேலை பெர்மிட் வரை கிடைக்கும். இது 2024 பிப்ரவரியில் வந்த மாற்றம். ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் தேர்வில், கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.யில் 7 வேண்டும்.

கன்சல்டன்சிக்காரர் அடுத்த முறை போன் செய்தால், "இந்தப் படிப்புக்கு வேலை பெர்மிட் உண்டு என்று மெயிலில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவருக்குக் கமிஷன் கல்லூரியிடமிருந்து வருகிறது. நமக்கு இலவசம் என்பதன் அர்த்தம் அதுதான்.

நூல்கண்டு

ஐயோ. நேற்றுதான் அப்பாவிடம் அதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். நன்றி ஊசிமுனை. எழுதிக் கேட்கிறேன்.

பழைய பேனா

நான் பிரிட்டனில் எம்.எஸ்ஸி. மார்க்கெட்டிங் முடித்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலண்டர். நான் அடிபட்டது அங்கேதான். வகுப்பு செப்டம்பர் கடைசியில் தொடங்கும். பெரிய நிறுவனங்களின் கிராஜுவேட் ஸ்கீம், அதாவது புதுப் பட்டதாரிகளை எடுக்கும் திட்டம், அதற்கான விண்ணப்பங்கள், அடுத்த வருடம் சேர்வதற்கானவை, அதே சமயத்தில்தான் திறந்திருக்கும். பாதிக்கு மேல் டிசம்பருக்குள் மூடிவிடும். அதாவது நீங்கள் தங்க இடம் தேடி அலையும் வாரத்திலேயே, ஒரு பாடம்கூடக் கேட்காத நிலையில், உட்கார்ந்து ஆன்லைன் டெஸ்ட் எழுத வேண்டும். நான் முதல் செமஸ்டரை ஒழுங்காகப் படிப்போம், ஜனவரியில் வேலை தேடலாம் என்று இருந்துவிட்டேன். ஜனவரியில் கதவு சாத்தியிருந்தது. ஒரு வருடப் படிப்பு சீக்கிரம் முடிகிறது என்று சந்தோஷப்படுகிறோம், ஆனால் அதில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு இடமே இல்லை. கோடை முழுக்க டிசர்டேஷன் தின்றுவிடும்.

அடுத்து விசா. படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் ரூட் என்ற விசாவில் இரண்டு வருடம் இருந்து வேலை பார்க்கலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். 2026 செப்டம்பரில் சேர்ந்தால் 2027 கடைசியில்தான் விண்ணப்பிப்பீர்கள், ஆகவே உங்கள் கணக்கு 18 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு நிறுவனம் நமக்கு வேலை விசா ஸ்பான்சர் செய்ய வேண்டும். 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 41,700 பவுண்ட். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை உண்டு, அப்போது 33,400. அந்தப் பதவிக்கென்று நிர்ணயித்த சம்பளம் (புதியவர்களுக்கு அதில் 70%) அதைவிட அதிகமாக இருந்தால் அதைத் தொட வேண்டும். பதவியும் பட்டதாரி நிலைப் பதவி என்று அரசு வகைப்படுத்தியிருக்க வேண்டும். சின்ன ஏஜென்சியில் "மார்க்கெட்டிங் அசிஸ்டென்ட்" என்று சேர்ந்து மெல்ல மேலே வரலாம் என்ற பழைய வழி இந்தச் சட்டத்தில் சிக்கிக்கொள்கிறது.

மூன்றாவதை எந்த பிரோஷரும் சொல்லாது. டிசர்டேஷன் கொடுத்துவிட்டு ஒரு ஏஜென்சியில் இன்டர்வியூவுக்குப் போனேன். மேசையில் ஒரு காப்பீட்டுத் துண்டறிக்கையை வைத்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் நாலே வார்த்தை. "இந்த வரி ஏன் எடுபட்டது, சொல்லுங்கள்" என்றார் எதிரே இருந்த அம்மாள். நாலு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். சேர்த்துப் படித்தால் ஏன் சிரிப்பு வர வேண்டும் என்று தெரியவில்லை. "எளிமையாக இருக்கிறது, வாடிக்கையாளரின் மனதோடு பேசுகிறது" என்று வகுப்பில் படித்ததை ஒப்பித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். முப்பது வருடத்துக்கு முன்னால் டிவியில் வந்த ஒரு விளம்பரப் பாட்டின் முதல் வரியில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரும் அதைப் படித்த உடனே பாடிவிடுவார்களாம்.

எனக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. அவர்களுடைய சின்ன வயசு எனக்கு இல்லை. மார்க்கெட்டிங்கில் ஒரு பெரிய பகுதி அந்தச் சின்ன வயசை வைத்துத்தான் நடக்கிறது. இன்ஜினியருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, கான்கிரீட் எந்த ஊரிலும் கான்கிரீட்தான்.

ஆகவே, தங்கச்சி, நாட்டை வெட்டுவதற்கு முன்னால் எந்த வேலை என்று எழுதுங்கள். "மார்க்கெட்டிங்" என்று எழுதாதீர்கள், பதவியின் பெயரை எழுதுங்கள்.

தூரத்து இடி

பழைய பேனா அண்ணா சொன்ன காலண்டர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் மூன்றாவதை வைத்து, வார்த்தை வேலை நமக்கு வராது, எல்லாரும் எக்செல் ஷீட்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு கட்டாதீர்கள்.

நான் டப்ளினில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் பிராடக்ட் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். எங்கள் சரக்கை வாங்குகிறவர் இன்னொரு கம்பெனியின் ஐ.டி. மேனேஜர். அவருக்கு விளம்பரப் பாட்டு வேண்டாம். இதைப் போட்டால் வாரத்தில் எத்தனை மணி நேரம் மிச்சமாகும், ஏற்கெனவே இருக்கும் சிஸ்டத்தோடு ஒத்துப்போகுமா, இந்த இரண்டையும் தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். வீட்டுக்குச் சரக்கு விற்கும் மார்க்கெட்டிங் வேறு, கம்பெனிக்கு விற்கும் மார்க்கெட்டிங் வேறு. இரண்டாவதில் வெளியூர்க்காரர்களுக்கு இடம் அதிகம். என் டீமில் ஏழு பேர், ஐந்து நாட்டுக்காரர்கள்.

அயர்லாந்து பற்றி: கூகுள், மெட்டா, லிங்க்ட்இன் ஆகியவற்றின் ஐரோப்பியத் தலைமையகம் டப்ளினில் இருக்கிறது. முதுகலை முடித்தால் ஸ்டாம்ப் 1ஜி என்ற, தங்கி வேலை தேடும் அனுமதி கிடைக்கும், முதலில் ஒரு வருடம், புதுப்பித்து இன்னொரு வருடம், மொத்தம் இரண்டு. வேலையே இல்லாவிட்டாலும் முதல் வருடத்துக்கு அது உண்டு. இரண்டாவது வருடத்துக்குப் புதுப்பிக்கும்போது, தகுதிக்கேற்ற வேலை தேட முயன்றதற்கான அத்தாட்சியைக் காட்ட வேண்டும். மெயில்களை அழித்துவிடாதீர்கள்.

இப்போது கசப்பு மருந்து. அந்தப் பெரிய கம்பெனிகளின் டப்ளின் விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். "ஜெர்மன் தெரிந்தவர்", "டச்சு தெரிந்தவர்", "இத்தாலியன் தெரிந்தவர்" என்றுதான் வரிசையாக இருக்கும், ஏனென்றால் அங்கிருந்து ஐரோப்பா முழுவதற்கும் விற்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கான இடங்களுக்குக் கூட்டம் அதிகம். வாடகையைப் பற்றி நான் பேசவே மாட்டேன், அழுகை வரும்.

நூல்கண்டு, இரண்டு வருடம் விளம்பரக் கணக்கு ஓட்டியிருக்கிறீர்களே, மாதம் எவ்வளவு செலவு கையாண்டீர்கள், அதனால் கிளையண்டுக்கு என்ன வந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? இங்கே முதல் இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள். பட்டத்தைப் பற்றிக் கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்டால் அதிகம்.

வழிப்போக்கன்

ஜெர்மனியை யாரும் சொல்லவில்லையே? அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸே கிடையாது. முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். கடன் என்று கவலைப்படுகிறவர் ஏன் அங்கே போகக் கூடாது?

தூரத்து இடி

போகலாம். ஆங்கிலத்தில் படிக்கலாம், ஆனால் மார்க்கெட்டிங் வேலை ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். சி1 அளவுக்கு ஜெர்மன் வேண்டும் (ஏ1 தொடக்க நிலை, சி2 உச்சம்), அதற்குக் கீழே உள்ள பி2-வோடு முட்டி மோதுகிறவர்களும் உண்டு. இன்றைக்கு ஏ1 தொடங்கினால் படிப்பு முடியும்போது அங்கே வந்து நிற்பீர்களா என்று உங்களுக்கே தெரியும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை

அமெரிக்காவில் மார்க்கெட்டிங் அனலிட்டிக்ஸ் படித்துவிட்டு அங்கேயே இருக்கிறேன். என் பங்குக்கு.

அமெரிக்காவில் படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், அதன் சி.ஐ.பி. கோட், அதாவது படிப்புத் துறைக்கு அரசு கொடுத்திருக்கும் எண், அதைப் பாருங்கள். பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் அந்த எண் அச்சாகி இருக்கும். 52.1401 என்றால் பொதுவான மார்க்கெட்டிங். அது ஸ்டெம், அதாவது அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இல்லை, படிப்புக்குப்பின் வேலை பார்க்கும் அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம்தான். 52.1301, அதாவது மேனேஜ்மென்ட் சயின்ஸ், அல்லது 30.7102, பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்றால் ஸ்டெம். இன்னும் 24 மாதம் சேர்ந்து மொத்தம் மூன்று வருடம். இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே பாடத்தை நடத்தும். ஒன்று ஸ்டெம், இன்னொன்று இல்லை. விண்ணப்பிக்கும் முன்பே மெயில் போட்டுக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எச்-1பி வேலை விசா வருடத்துக்கு 65,000, அமெரிக்க முதுகலைக்காரர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. குலுக்கலில் விழ வேண்டும். ஒரு வருடம் இருந்தால் ஒரு தடவை, மூன்று வருடம் இருந்தால் மூன்று தடவை முயற்சி செய்யலாம். தேர்வு முறை, கட்டணம் எல்லாம் சமீபத்தில் அடிக்கடி மாறுகிறது, ஆகவே இதை நம்பித்தான் கடன் கட்ட வேண்டும் என்றால் வேண்டாம். ஓ.பி.டி.யில் மொத்தம் 90 நாள் வேலையில்லாமல் இருந்தாலே நிலைமை சிக்கல். அந்த எண்ணிக்கை ஓடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கோடைக்காலம் எனக்கு உண்டு. 71-ஆவது நாள் வேலை வந்தது.

அந்த வேலைக்கு வைத்த டெஸ்டைச் சொல்கிறேன், அனலிட்டிக்ஸ் என்றால் என்ன என்று புரியும். ஒரு கடையின் மெயில் விளம்பரக் கணக்கு, சுமார் 40,000 வரி. கேள்வி ஒன்றுதான்: தள்ளுபடி கூப்பன் போனவர்கள் போகாதவர்களைவிட இரண்டு மடங்கு வாங்கியிருக்கிறார்கள், கூப்பனைத் தொடரலாமா? நான் முதலில் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கு, அது இது என்று ஒரு நாளை வீணடித்தேன். அப்புறம்தான் யாருக்குக் கூப்பன் போயிருக்கிறது என்று பார்த்தேன். கடந்த மூன்று மாதத்தில் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும்! எப்படியும் வாங்கப்போகிறவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டு, கூப்பனால் விற்றது என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். "இதை வைத்து முடிவு செய்ய முடியாது. அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பேரைப் பொறுக்கி, அவர்களுக்கு மட்டும் அனுப்பாமல் விடுங்கள், பிறகு ஒப்பிடுவோம்" என்று எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது.

இதற்கு யாருடைய சின்ன வயசும் தேவைப்படவில்லை, பேனா.

நூல்கண்டு

படிக்கும்போதே கை பரபரக்கிறது. எங்கள் ஏஜென்சியிலும் இதே தப்பை மாதாமாதம் செய்கிறோம் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் கணக்குப்பிள்ளை, எனக்குக் கணக்கு என்றாலே பயம். பி.பி.ஏ.வில் புள்ளியியல் இரண்டாவது தடவைதான் பாஸ்.

கணக்குப்பிள்ளை

மேலே சொன்னதில் கணக்கு எங்கே இருந்தது? சந்தேகப்படத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு எஸ்.க்யூ.எல்., டேட்டாவிடம் கேள்வி கேட்கும் கம்ப்யூட்டர் மொழி. மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் உட்காருங்கள், இப்போதே, சேருவதற்கு முன்னால். பிடிக்கவே இல்லை என்றால் அனலிட்டிக்ஸை வெட்டிவிடுங்கள். கடன் வாங்கிக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

மூணாவது வரிசை

எல்லாரும் விசா பேசிவிட்டீர்கள், நான் படிப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

சேர்க்கைத் தகுதியில் "எந்தத் துறைப் பட்டமும் போதும்" என்று இருந்தால் உஷார். வரலாறு, உயிரியல் படித்தவர்களுக்கும் சேர்த்து முதலிலிருந்து சொல்லித் தருவார்கள். பி.பி.ஏ. படித்த உங்களுக்கு அதே நாலு பி, அதே ஸ்வாட், அதே மாஸ்லோ முக்கோணம் என்று அரிச்சுவடிப் பாடம் மறுபடியும். நான் அப்படி ஒரு வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் பத்து வாரம் எனக்குப் புதிதாக ஒன்றுகூட இல்லை. மாட்யூல் (பாடப்பிரிவு) பட்டியலை மட்டும் பார்த்தால் இது தெரியாது, எல்லாவற்றிலும் "கன்ஸ்யூமர் பிஹேவியர்" என்றுதான் இருக்கும். மாட்யூல் ஹேண்ட்புக் கேளுங்கள். அதில் மதிப்பெண் எதற்கு என்று இருக்கும். எல்லாமே 3,000 வார்த்தைக் கட்டுரை என்றால் கட்டுரை எழுதத் தெரிந்து வெளியே வருவீர்கள். உண்மையான நிறுவனத்தின் புராஜெக்ட், டேட்டாவை வைத்துச் செய்யும் அசைன்மென்ட் இருந்தால் இன்டர்வியூவில் காட்ட ஏதாவது கையில் இருக்கும்.

அப்புறம் அந்த "93% பேருக்கு வேலை" விளம்பரம். வகுப்பில் 80 பேர், பதில் சொன்னவர்கள் 45 பேர், அதில் 42 பேர் "வேலையில் அல்லது மேற்படிப்பில்" என்று வைத்துக்கொள்ளுங்கள். 93% வந்துவிட்டது. பதில் சொல்லாத 35 பேர் எங்கே? 42 பேரில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் இருப்பவர் எத்தனை பேர்? உள்ளூர் மாணவர்கள் எத்தனை பேர்? பல்கலைக்கழகத்தைக் கேட்பதைவிட லிங்க்ட்இனில் அந்தப் படிப்பின் பெயரைப் போட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் முடித்தவர்களில் நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து போன 20 பேரைத் தேடிப் பதவிப் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு ராத்திரி வேலை. எந்த ரேங்கிங்கும் தராத பதில் கிடைக்கும்.

ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ் மாதிரி பிசினஸ் ஸ்கூல் தர முத்திரை இருந்தால் நல்லது, மோசமான கல்லூரியை வடிகட்ட உதவும். அதைப் பார்த்து யாரும் வேலை தந்து நான் பார்த்ததில்லை.

ஊசிமுனை

இன்னொரு யோசனை, திட்டாதீர்கள். இன்னும் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. போனால் என்ன? மார்க்கெட்டிங் எம்.எஸ்ஸி. அனுபவம் இல்லாதவர்களுக்கான படிப்பு, முடித்தால் அடிமட்டத்திலிருந்துதான் ஆரம்பம். பிராண்ட் மேனேஜர் நாற்காலிக்கு அமெரிக்காவின் பெரிய நுகர்பொருள் கம்பெனிகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் எம்.பி.ஏ. வகுப்புகளிலிருந்து.

நூல்கண்டு

திட்டவில்லை. ஆனால் எனக்கு பிராண்ட் மேனேஜர் நாற்காலி மேல் பெரிய ஆசை இல்லை என்று இந்த இழையில்தான் தெரிந்தது. எம்.பி.ஏ. கடன் இதைப்போல இரண்டு மடங்கு வேறு.

நூல்கண்டு

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கன்சல்டன்சிக்காரரிடம் எழுதிக் கேட்டேன். "அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம் மேடம்" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வந்தது. கனடா காலி.

பேனா அண்ணா கேட்டபடி பதவிப் பெயர் எழுதினேன். மூன்று: பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங் ஸ்பெஷலிஸ்ட், மார்க்கெட்டிங் அனலிஸ்ட், பிராடக்ட் மார்க்கெட்டிங் அசோசியேட். பிரிட்டன் படிப்பில் முன்னாள் மாணவர்கள் 20 பேரைத் தேடியதில் இந்த மூன்றில் இருப்பவர்கள் மூன்று பேர். ஏழு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். அயர்லாந்துப் படிப்பில் எட்டுப் பேர். இருபது பேரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்று கணக்குப்பிள்ளை திட்டுவார், தெரியும்.

இரண்டு துறைக்கும் ஹேண்ட்புக் கேட்டு மெயில் போட்டேன். அயர்லாந்தில் மறுநாளே அனுப்பினார்கள், அதில் ஒரு செமஸ்டர் முழுக்க நிறுவன புராஜெக்ட் இருக்கிறது. பிரிட்டனிலிருந்து அதே பிரோஷரை மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்கப் படிப்பின் கோட் 52.1401. பெயரில் அனலிட்டிக்ஸ், கோடில் மார்க்கெட்டிங்! வேறு இரண்டு தேடிக்கொண்டிருக்கிறேன், ஆனால் மனசு அயர்லாந்துப் பக்கம்தான். எஸ்.க்யூ.எல். ஆறாவது நாள், இன்னும் ஓடிப்போகவில்லை.

பேனா அண்ணா, அந்தத் துண்டறிக்கையில் இருந்த நாலு வார்த்தை என்ன? மண்டை குடைகிறது.

பழைய பேனா

சொல்லலாம். சிரிப்பு வராது.